புகை ஏறாத காலை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் மதுரையில் பருவநிலை ஆராய்ச்சி மாணவன். உயரே போகப் போகக் காற்றின் வெப்பம் எப்படிக் குறைகிறது என்று கணினியில் கணக்கிடுவது என் வேலை. வானிலை பலூன்கள் அளந்து அனுப்பியதோடு என் கணக்கை ஒப்பிடுவேன். உயரத்தில் ஓரளவு பொருந்தும். தரையை ஒட்டிய காற்றில் பிசகிவிடும்.

ஆமத்தூரில் இருந்த அக்காவுக்கு என் படிப்பு வேடிக்கை.

"ஏலே, மேல போனா குளுரும்ங்கிற. எங்க வீட்டு மாடியில ஏறி நின்னா குளுருமா?"

"அம்புட்டு உசரம் பத்தாதுக்கா."

அத்தானுக்குப் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. வெயில் ஏறினால் ஆபத்து என்பதால் விடியும்போதே கலந்து முடிப்பார்கள். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு தை மாதக் காலையில் கம்பெனிப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

புகை பனைமர உயரம்கூட ஏறவில்லை. அப்படியே படுத்து, கம்பெனி முழுவதையும் மூடிக்கொண்டது. மேகமில்லாத பனிக்கால இரவில் தரை முதலில் குளிர்ந்துவிடும். அதன் மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக மூடிபோல நிற்கும். அதைத் தாண்டிப் புகையால் போக முடியாது. என் கணக்கு பிசகும் இடமும் அதுதான்.

வாசலில் ஆட்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். "உள்ள போகாதீகம்மா, எந்த ரூம் வெடிச்சதுன்னே தெரியல."

வெயில் வந்து தரை சுட்ட பிறகுதான் புகை கலைந்தது. அத்தான் வேலை செய்த அறை இருந்த இடத்தில் சுவர்கூட மிச்சமில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அக்கா கேட்டாள்.

"அன்னைக்கு மட்டும் ஏன்லே புகை மேல போகல?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அப்ப, வெயில் முந்தியே வந்திருந்தா அவரத் தூக்கிருப்பாகளா?"

உயிர் உடனே போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதையே சொல்லியிருக்கலாம். "தெரியலக்கா" என்றேன்.

மதுரைக்குத் திரும்பியதும், தரையை ஒட்டிய காற்றை மட்டும் தனியாகக் கணக்கிட வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டேன். அவ்வளவு மெல்லிய அடுக்கு நம் கணக்குக்குள் அடங்காது, ஆய்வேட்டில் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள் என்றார். எழுதினேன். பட்டம் கிடைத்தது.

அக்கா தீப்பெட்டி கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் சோறு போடுவாள், உடம்பைக் கேட்பாள். என் வேலையைப் பற்றி மட்டும் அதன்பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை.