அக்காவின் பிரசவப் புடவை

எண்பதுகளின் கடைசியில் என் முதல் பிரசவம். பிழைப்பேனா என்ற பயம் எனக்கு. தாம்பரம் நர்ஸிங் ஹோமுக்கு நைட்டி எடுத்துப் போகச் சொன்னார்கள் ஆபீஸ் தோழிகள். நானோ படப்பைக்கு பஸ் ஏறி, அக்காவின் பழைய வாயில் புடவையைக் கேட்டு வாங்கி வந்தேன். அவள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அதைக் கட்டிக்கொண்டுதான் இரண்டு பிள்ளைகளையும் சுகமாகப் பெற்றிருந்தாள். அதை உடுத்தினால் எனக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.

லேபர் ரூம் வாசலிலேயே நர்ஸ் தடுத்தார்.

"புடவையோட உள்ள வரக்கூடாதும்மா. இந்த கவுனைப் போட்டுக்கோ."

நான் அழுத அழுகையில், "சரி, தலைமாட்டுல வச்சுக்கோ" என்றார்.

மத்தியானம் பெண் பிறந்தாள். ஆனால் அழவில்லை.

"துடைக்கத் துணி எங்கம்மா? சீக்கிரம்!"

துணியே இல்லை. பிறக்கும் முன்பே குழந்தைக்குத் துணி சேர்க்கக் கூடாதென்று அம்மா எதையும் எடுத்துவைக்க விடவில்லை. நான் என்ன உடுத்துவது என்பதிலேயே குறியாக இருந்த எனக்கும் அது உறைக்கவில்லை.

நர்ஸ் என் தலைமாட்டிலிருந்த புடவையை உருவி, சர்ரென்று கிழித்தார். அந்தத் துண்டால் குழந்தையின் முதுகைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அழு கண்ணு... அழுடி."

நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

வீல் என்று ஒரு சத்தம்.

எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் புடவை கிழிந்தபோதே போய்விட்டது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இன்றுவரை போகவில்லை.