கதவில் ஒட்டியிருந்தவர்

அமெரிக்காவில் காலையில் எழுந்து கைப்பேசியை எடுத்தால் யாராவது ஒருவர் என்னிடம் நட்சத்திரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று பல் பிடுங்கியவர் கேட்டார். முந்தாநாள் மருந்துக்கடை. குழாய் அடைப்பை எடுக்க வந்தவர் தன் வண்டியைக் கிளப்புவதற்குள் கேட்டுவிட்டார். கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்களை வரைந்து, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று பணிவோடு விசாரிக்கிறார்கள். நான் கரூரில் முப்பத்து நான்கு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். ஒரு ஓட்டல்காரர்கூட என்னிடம், எங்கள் சமையல்கட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. நான் உள்ளே வருவதைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகச் சரக்கு மாஸ்டர்தான் வெளியே போவார். அங்கே கேட்காமலே எழுதினேன். இங்கே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற ஒருவனுக்கு இதைவிட மரியாதை தெரிந்த நாடு கிடைக்காது.

அமெரிக்காவிலும் ஒரு டப்ளின் இருக்கிறது. அங்கே என் மகன் கார்த்திக்கின் வீட்டில் எனக்கென்று அதிகாரம் செல்லுபடியாகும் இடம் எதுவும் இல்லை. எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத்தொட்டி என்பதுகூட மருமகள் கையில் இருக்கிறது. அதனால் நட்சத்திரங்களை நான் பொறுப்பாகப் போடுவேன். ஐந்து கொடுத்ததே இல்லை. ஐந்து கொடுத்துவிட்டால் பிறகு ஆய்வு எதற்கு?

எங்கள் கல்யாண நாளுக்காக கார்த்திக் ஒரு விருந்தினர் இல்லத்தில் இரண்டு இரவுக்குப் பதிவு செய்தான். சியரா மலை அடிவாரத்தில், மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்தது. பல்கேரியா நாட்டுத் தம்பதி நடத்துவது. கீழே உணவகம், மேலே நான்கு அறைகள். இணையத்தில் போட்டிருந்த படங்களில் பூவேலை செய்த மேசைவிரிப்பு, மண்சட்டியில் ஆவி பறக்கும் குழம்பு, தலைவாசலில் ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்கும் பெண்மணி எல்லாம் இருந்தன. என் மனைவி சரோஜா அந்தப் படத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தாள். நாற்பது வருடத்தில் அவளை யாரும் தட்டேந்தி வரவேற்றதில்லை. நானும்தான்.

கார்த்திக் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி, ஏதோ மீட்டிங் என்று கிளம்பிவிட்டான். யாரும் வரவில்லை. ரொட்டியும் இல்லை, உப்பும் இல்லை. மணியை மூன்று தரம் அடித்தேன். கதவில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. நடுவில் மீசை வைத்த ஒருவரின் கருப்பு வெள்ளைப் படம். சுற்றிலும் ரஷ்யன் மாதிரி எழுத்து. எனக்குப் புரிந்தது மேலே இருந்த 40 என்ற எண் மட்டும். தாளுக்கு மேலே சின்னதாக ஒரு கருப்பு ரிப்பன்.

சரோஜா பையைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, இது எழவு வூடாட்டம் இருக்குதுங்க."

"போட்டோவைப் பார்த்ததும் உனக்கு எழவா? அது லைசென்ஸ். உரிமம் பார்வையில் படும்படி இருக்கணும். நாற்பதுன்னா ஹாலில் நாற்பது பேர் உட்காரலாம்னு அர்த்தம்."

"அப்ப அந்தக் கருப்பு ரிப்பன்?"

"அழகுக்கு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் அந்த மீசைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படம் எடுத்துக்கொண்டேன். உரிமத்தைப் படம் எடுப்பது ஆய்வின் முதல் படி.

கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். பெயர் ராட்கா. கருப்புச் சட்டை, கருப்புப் பாவாடை. சிரிக்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியைக் காட்டினார். அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஜன்னல் திரையில் தூசி. உணவக ஹாலில் எட்டு மேசைகள். ஏழின்மேல் நாற்காலிகள் கவிழ்த்துக் கிடந்தன. எட்டாவதில் இரவு எங்களுக்கு அவரைவிதை போட்ட சூப்பும் ரொட்டியும் வைத்தார். படத்தில் கண்ட மண்சட்டி எங்கே என்று கேட்டேன். சமையல்காரர் இல்லை என்றார். சமையல்காரர் யார் என்றேன். அவர் வாசல் கதவை நோக்கிக் கை நீட்டினார். அதாவது, கதவில் இருப்பவர். உரிமம் எடுத்தவரே சமையல்காரர், அவர் பணிநேரத்தில் இடத்தில் இல்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலைச் சிற்றுண்டிதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது. ராட்கா ஒரு தட்டோடு வந்தார். முதலில் வாசலுக்குப் போய், ஒரு கோப்பையிலிருந்து கொஞ்சம் சிவப்பு ஒயினைத் தரையில் ஊற்றினார். பிறகு எங்கள் மேசைக்கு வந்து ஆளுக்கொரு காகிதக் கிண்ணம் கொடுத்தார். அதில் வேகவைத்து ஆறிப்போன முழுக்கோதுமை. மேலே பொடித்த சர்க்கரை, ரெண்டு துண்டு வால்நட். அவர் மொழியில் என்னவோ சொல்லிவிட்டு, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தபடி நின்றார்.

சரோஜா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். நின்றபடியே கடைசி மணி வரைக்கும் சாப்பிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. மூடிவைக்காத பண்டம், நேற்று வெந்தது, எத்தனை நேரம் வெளியில் கிடந்ததோ. கேட்டால் பாரம்பரியக் காலை விருந்து என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள்.

"வேண்டாம்னு சொல்லக் கூடாதுங்க. ஒரு வாயாவது போட்டுக்குங்க" என்றாள் சரோஜா.

நான் கிண்ணத்தை இரண்டு கோணத்தில் படம் எடுத்தேன். பிறகு அதைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி, எழுந்து போய், ராட்காவின் கண் முன்னால் குப்பைக்கூடையில் போட்டேன். அவர் காலித் தட்டை மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்து, தலையுறை இல்லை, குளிர்பெட்டியில் வெப்பமானி இல்லை, மாவு மூட்டை தரையோடு தரையாக இருக்கிறது என்று மேலும் ஆறு படம் எடுத்தேன். என்னைத் தடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை கார்த்திக்கின் கார் வந்து நின்றபோது ராட்கா வாசலுக்கு வந்தார். அந்த இரண்டு நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "ஐயா, நட்சத்திரம். பதிவை ரத்து செய்தாலும் குறைக்கிறார்கள், அதனால்தான் உங்களை வரவிட்டேன். நான்குக்குக் கீழே போனால் இணையத்தில் எங்கள் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள். எனக்கு இந்த வீடு மட்டும்தான்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படியான நம் ஊர்த் தலையாட்டல். இப்படிக் கெஞ்சியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரில் கார்த்திக், "அப்பா, ப்ளீஸ், ரிவ்யூ எல்லாம் போடாதீங்க. போனோமா வந்தோமான்னு விட்டுடுங்க" என்றான். பின்சீட்டிலிருந்து சரோஜா, மூணு நட்சத்திரமாவது போடச் சொல்லு என்று மகனிடம் சொன்னாள். என்னிடம் நேராகச் சொல்லவில்லை. வீடு வந்து சேருவதற்குள் நான் ஒரு நட்சத்திரம் போட்டு முடித்திருந்தேன். காலை உணவு என்ற பெயரில் ஆறிய கோதுமை ஒரு பிடி, விருந்தோம்பல் அறியாத முகம் என்று எழுதினேன். அன்று மாலையே அந்த மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் இணையப் படிவத்தையும் நிரப்பினேன். தெளிவான படிவம், நம் ஊரில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும். பொறுப்பாளர் பெயர் கேட்டிருந்த கட்டத்தில் 'படம் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, கதவில் இருந்தவரின் படத்தை இணைத்தேன்.

மூன்று வாரம் கழித்து என் மதிப்புரைக்குக் கீழே ராட்கா பதில் எழுதியிருந்தார். யாரோ திருத்திக் கொடுத்த ஆங்கிலம். அதையும் தமிழில் தருகிறேன். "ஐயா, நீங்கள் வந்த இரண்டாம் நாள் என் கணவருக்கு நாற்பதாம் நாள். கதவில் இருந்தது எங்கள் ஊர் வழக்கப்படியான இறப்பு அறிவிப்பு. அன்று கோதுமையை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வேண்டும். இங்கே எனக்கு அக்கம்பக்கம் இல்லை. வந்திருந்தது நீங்கள்தான். உங்கள் மனைவி முழுதும் சாப்பிட்டார், அவருக்கு நன்றி சொல்லுங்கள். போன வாரம் ஓர் அதிகாரி என் கணவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, இவரைப் பார்க்க வேண்டும் என்றார். நானும் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன்."

கரூரில் இருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் சுவரில் ஒரு முகம் ஒட்டியிருந்தால் அது பிறந்தநாளா, கண்ணீர் அஞ்சலியா என்று ஓடும் பேருந்தில் இருந்தே சொல்லிவிடுவோம். ஒருமுறை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மெஸ்ஸுக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனேன். ஷட்டரில் முதலாளியின் அப்பா படம் கண்ணீர் அஞ்சலியாக ஒட்டியிருந்தது. வண்டியை அணைக்காமலே திருப்பிக்கொண்டு வந்தேன். கருமாதி முடியும்வரை அந்த வாசலை மிதிக்கவில்லை. எந்த விதிப்புத்தகத்திலும் அது இல்லை, யாரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை. அந்த விதியை நான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரவில்லை போலிருக்கிறது. எழுதிவைத்த விதிகள் மட்டும்தான் பெட்டிக்குள் அடங்கின. சரோஜா எதையும் எழுதிப் படித்தவள் இல்லை, அவளுடையது அவளோடு வந்துவிட்டது.

ராட்காவின் பதிலைச் சரோஜாவுக்குப் படித்துக் காட்டினேன். நன்றி சொன்ன இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு, "அந்தப் பொம்பளைக்கு நாலு வரி மன்னிப்பு எழுதுங்க" என்றாள். மதிப்புரையைத் திருத்தும் கெடு முடிந்துவிட்டது என்றேன். அது உண்மை. கடிதம் போட முகவரி என்னிடம் இருந்தது என்பதும் உண்மை. புகாருக்குத் தேவைப்பட்டதால் அதைச் சரியாக, அஞ்சல் எண்ணோடு குறித்து வைத்திருந்தேன். எழுதவில்லை. ஆய்வாளன் தன் அறிக்கைக்கு மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் இணையத்தில் தேடியபோது அந்த இல்லத்தின் பக்கம் அங்கே இல்லை.

போன ஆகஸ்டில் என் அண்ணன் கரூரில் இறந்துபோனார். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. எல்லா நடைமுறையும் தெரிந்தவன் அதை முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். வாட்ஸப்பில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வந்தது. அண்ணன் படத்துக்குக் கீழே வருந்துவோர் வரிசையில் என் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அமெரிக்கா. பதினாறாம் நாள் சரோஜா சோறு பொங்கினாள், நான் அதைப் பின்வேலியின்மேல் காக்கைக்கு வைத்தேன். காக்கை வரவில்லை. பத்து நாளில் குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் வந்தது. திறந்தவெளியில் உணவு, எலி வரும் அபாயம், இன்ன விதி, இன்ன உட்பிரிவு. பக்கத்து வீட்டிலிருந்து எடுத்த இரண்டு படங்கள், இரண்டு கோணம், நேரத்தோடு. குறை சொல்ல முடியாத புகார். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்தச் சுவரொட்டியை சரோஜா அச்செடுத்து வரச்சொன்னாள். வாசலில் ஒட்டச் சங்க விதியில் இடமில்லை. அதனால் கராஜ் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். மேலே ஒரு கருப்பு நாடாவையும் வைத்தாள். அது என் கேமராப் பையின் நாடா.  தினமும் காலையில் கார்த்திக் பொத்தானை அமுக்கும்போது கதவு மேலே ஏறி உத்தரத்தோடு மடங்குகிறது. அண்ணன் முகம் குப்புறப் படுத்தபடி காரின் கூரையைப் பார்க்கிறது, கீழே என் பெயரும் அடைப்புக்குறியும். கார் தெருவுக்குப் போனதும் கதவு இறங்குகிறது. தெருவில் நிற்பவர்களுக்கு அது அந்த வரிசையில் உள்ள எல்லா வீடுகளையும் போல வெறும் வெள்ளைக் கதவு. உள்ளே இருட்டில் நானும் அண்ணனும் நிற்கிறோம்.