முப்பத்தாறு பேப்பரும் ஓர் ஆணியும்

இருபது வருஷமாக அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அவளுக்கு 'லேப் அக்கா' என்றுதான் பெயர். மவுஸ் நகரவில்லையா, அக்கா. புரோகிராம் ஓடவில்லையா, அதற்கும் அக்கா. கம்ப்யூட்டர் பட்டம் வாங்கப்போகிற பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் சொல்லிக்கொடுத்த புண்ணியவதிக்கு ஒரு பட்டம் கிடையாது.

அதற்காகத்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அங்கேயே பகுதி நேரமாகப் படிக்கச் சேர்ந்தாள். மொத்தம் முப்பத்தாறு பேப்பர், வருஷத்துக்கு மூன்று. சேர்ந்த அன்றே அவள் வீட்டுக்காரர், பஸ் மெக்கானிக், கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். "சர்டிபிகேட் மாட்ட இடம் ரெடி" என்றார். சரியான அவசரக்குடுக்கை. பன்னிரண்டு காலண்டர் அதில் தொங்கி இறங்கியதுதான் மிச்சம்.

கடைசிப் பேப்பரும் பாஸானது. டீ நேரத்தில் அக்கா ஆபீசுக்கு ஓடினாள். கிளார்க் அவள் எண்ணைத் தட்டினார். திரையில் சில வரிகள் தவிர மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு.

"என்ன சார் இது?"

"கம்ப்யூட்டர் பேப்பர் பத்து வருஷம் தாண்டினா செல்லாதும்மா. முதல் ரெண்டு வருஷம் நீங்க எழுதினதுல கணக்கு, மொழி எல்லாம் பழசாகாது. அந்த புரோகிராமிங் அறிமுகம் மட்டும் காலாவதி ஆயிடுச்சு."

"ஒண்ணுதானே? மத்தது ஏன் சிவப்பா இருக்கு?"

"அதை முடிச்சவங்கதானே அடுத்த பேப்பருக்குப் போகலாம்? அது போனா அதுக்கு மேல எழுதினது எதுவும் நிக்காது."

இந்த விதியை எழுதிய மகராசன் யாரோ, வேலைக்கும் போய்க்கொண்டு ஒரு பேப்பராவது எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். அக்கா நேரே துறைத் தலைவியின் அறைக்குப் போனாள்.

துறைத் தலைவி ஒரு காலத்தில் இதே லேபில் அக்காவைக் கேட்டுக் கேட்டுப் படித்தவள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"உங்களுக்கா அது தெரியாது? தெரியும்னு நான் ஒரு கையெழுத்து போட்டா போதும், விதியிலயே இடமிருக்கு. இல்லன்னா மறுபரீட்சை. ஆனா அது ஒரே தடவைதான்க்கா. தவறினா மறுபடி ஒரு வருஷம் கிளாஸ்ல உக்காரணும்."

பேனாவையும் திறந்துவிட்டாள். அக்கா, "நாளைக்குச் சொல்றேம்மா" என்று வந்துவிட்டாள்.

வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போடறேன்னு சொல்றவங்ககிட்ட வாங்கிட்டு வர்றதுக்கு என்ன?"

"அந்தப் பேப்பர்ல நான் ஐம்பத்தொண்ணுங்க. ஐம்பது எடுத்தா பாஸ். அப்ப எனக்கு ஒரு மண்ணும் புரியல. புரோகிராமை வரிக்கு வரி மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்தேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"இப்பதான் தெரியுமே?"

"மெஷின்ல தெரியும். தப்புன்னா அது காட்டும், நான் திருத்துவேன். பரீட்சையைக் காகிதத்துல எழுதணும். பயமாதான் இருக்கு."

"அப்ப கையெழுத்தை வாங்கு."

"அப்ப புரியாம வாங்கினேன். இப்ப எழுதாமலே வாங்கணுமா?"

மறுநாள் அக்கா மறுபரீட்சைக்கே பெயர் கொடுத்தாள். பரீட்சையன்று வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து, கல்லூரி கேட்டுக்கு வெளியே நின்றார்.

முதல் கேள்வியே அந்தக் காலத்தில் மனப்பாடம் செய்த அதே புரோகிராம். அந்த வரிகள் ஒன்றுவிடாமல் நினைவில் இருந்தன. கை அதை எழுதப் பார்த்தது. அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கால்மணி நேரம் வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொந்தமாக எழுதினாள். ஓரத்தில் கட்டம் போட்டு, மெஷின் செய்வதையெல்லாம் தானே செய்து, ஒவ்வொரு வரிக்கும் என்ன எண் வருகிறது என்று குறித்தாள். அதே வரிகளை நான்காவது சுற்றாகச் செய்து பார்த்தபோது வரவேண்டிய எண் வரவில்லை. தப்பு அவளுடையதுதான். அடித்துத் திருத்தினாள். அப்போது வந்த சந்தோஷம் அவளுக்கு எந்தப் பேப்பரில் பாஸானபோதும் வந்ததில்லை.

பத்து நாளில் மார்க் வந்தது. கிளார்க் அதைப் பதிந்ததும் சிவப்பு வரிகள் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிளார்க் எதையோ தேடுவதுபோல் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார்.

வீட்டுக்காரர் வாசலிலேயே கேட்டார். "எவ்வளவு?"

"எழுபத்தெட்டு."

"மனப்பாடமா?"

"ஒரு வரிகூட இல்ல."

அவர் உள்ளே போய் ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றினார்.

"சர்டிபிகேட் வர ரெண்டு மாசம் ஆகும்ங்க. அதுவரைக்கும் காலண்டர் தொங்கட்டுமே."

"தேதி வேணும்னா பக்கத்து வீட்ல கேட்டுக்கலாம். ஆணி சும்மா இருக்கட்டும்."