காய்க்காத பீர்க்கம்பந்தல்

வேப்பம்பட்டில் ரயிலை விட்டு இறங்கி இருபது நிமிடம் நடந்தால் சாமுண்டீஸ்வரி அக்காவின் பீர்க்கம்பந்தல் வரும். முக்கால் ஏக்கர். மாசி பிறப்பதற்குள் ஏரி வற்றிவிடும் ஊர் இது. நெல் நட முடியாது. கிணற்றில் ஊறுகிற தண்ணீர் பந்தலுக்கு மட்டும்தான் காணும். அவர் கணவர் பாண்டியன் ஆவடியில் வாட்ச்மேன். அந்தச் சம்பளம் பிள்ளைகள் படிப்புக்கே சரியாகிவிடும். வீட்டில் அடுப்பெரிவது பந்தலால்தான்.

பந்தலை ஒட்டிக் கன்னியம்மன் காடு இருந்தது. முப்பது சென்ட்தான். களா, சூரை, நொச்சி, நடுவில் ஒரு புற்று. அம்மனுக்குப் பயந்து அங்கே யாரும் ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள்.

மூத்த மகள் பவ்யா டெங்கு வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் அம்மனுக்கு டைல்ஸ் போட்டுத் தருவதாக அக்கா வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தாள். அம்மனை முள்ளுக்குள் விடலாமா என்று கோயில் கமிட்டியும் சேர்ந்துகொண்டது. ஒரே காலையில் ஜேசிபி எல்லாவற்றையும் வழித்தெடுத்தது. வெள்ளை டைல்ஸ், இரும்பு கேட், உயரமான விளக்கு. ஊரே பொங்கல் வைத்தது. எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது.

அடுத்த முறை விதைத்தபோது பந்தல் முழுக்க மஞ்சளாய்ப் பூத்தது. பெண்பூவின் அடியில் விரல் நீளத்துக்குப் பிஞ்சு இருக்கும். மூன்றாம் நாள் அது மஞ்சளித்துச் சுருங்கி உதிர்ந்தது. தினமும் உதிர்ந்தது. அக்கா உரத்தை மாற்றினார், தண்ணீரைக் கூட்டினார். ஒரு சாயங்காலம் பூ விரிகிற நேரத்தில் பந்தலுக்கடியில் நின்றபோதுதான் அவருக்குப் புரிந்தது. சத்தமே இல்லை. சூரைப் புதரில் கூடு கட்டியிருந்த கொம்புத்தேனீக்களில் ஒன்றுகூட வரவில்லை.

அன்றிலிருந்து அவரே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவுகிறார். நூறு பூவைத் தொடுவதற்குள் இருட்டிவிடும். மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். தொட்டவை காய்த்தன. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“அம்மன் வேலைய நான் செஞ்சிகினு கீறேன்,” என்றார் கணவரிடம். “ஊடு கட்றேன்னு அவ ஊட்டயே இடிச்சிட்டேன்.”

“பூச்சி வரலன்னா பூச்சி வரல. அம்மன இன்னாத்துக்கு இதுல இழுக்குற?”

“அப்ப ராவானா கோயிலாண்டருந்து ரீங்குன்னு கேக்குதே, அது இன்னா?”

பாண்டியனுக்கும் அது கேட்டிருந்தது. இருவரும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். டைல்ஸ் மேல் ஏறியதும் அதிகமாகக் கேட்டது. விளக்குக் கம்பத்தில் இருந்த பெட்டிதான் இரைந்துகொண்டிருந்தது. பாண்டியன் சுவிட்சை அணைத்தார். சத்தம் நின்றது. அக்கா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டபடியே நின்றார்.

மறுநாள் காலை கடப்பாரையோடு போய் டைல்ஸைப் பெயர்க்க ஆரம்பித்தார். கமிட்டித் தலைவர் உத்தமன் ஓடிவந்தார்.

“இன்னாம்மா பண்ற? நேந்துகினு போட்டதாச்சே.”

“நான் போட்டது, நானே எடுக்கறேன் அண்ணாத்தே. உங்க கேட்டு, லைட்டு எதையும் தொட மாட்டேன்.”

“சாமி குத்தம் ஆயிடும்.”

“ஆயி ஒரு வருசம் ஆவுது. பந்தலாண்ட வந்து பாரு.”

உத்தமன் கமிட்டியைக் கூட்டினார். இன்னும் முடிவு சொல்லவில்லை. அதற்குள் பந்தல் பக்கம் இருந்த டைல்ஸ் எல்லாம் போய்விட்டது. அந்த மண்ணில் அக்கா நட்ட நொச்சிக் குச்சி துளிர்த்திருக்கிறது. களா விதை இன்னும் முளைக்கவில்லை.

காடு இருந்த பக்கத்துக் கடைசி வரிசைப் பூக்களை மட்டும் அக்கா தொடுவதில்லை. அது அம்மனுக்கு விட்டது. காலையில் அதன் கீழே உதிர்ந்த பிஞ்சுகளைப் பொறுக்கி முறத்தில் போடுவார்.

போன வாரம் அந்த வரிசையில் ஒரு பிஞ்சு உதிராமல் நின்றது. இப்போது முழங்கை நீளம் ஆகிவிட்டது. அக்கா அதைப் பறிக்கவில்லை. தனக்குத் தெரியாமல் பாண்டியன் அந்தப் பூவைத் தொட்டிருப்பாரோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அவரைக் கேட்க அக்காவுக்குப் பயமாக இருக்கிறது.