மரவள்ளிக்குக் கட்டிய கம்பி

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடத்தியவன் நான். அப்பேர்ப்பட்ட நான்தான், போன ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, எனக்கு உதவி செய்ய வந்த ஒரு பெண்ணைக் கரண்ட் வைத்துக் கொல்லப் பார்த்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் படவேட்டு அம்மன் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால், நான் அடித்த கூத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை மறைத்துவிட்டு இதை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

கணியம்பாடிப் பக்கம் வாத்தியார் வேலை பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஜவ்வாது மலையில் ஓர் ஓட்டு வீட்டையும் அரை ஏக்கரையும் குத்தகைக்கு எடுத்தேன். புத்தகம் படித்துக் கெட்டவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். என் மனைவி வேலூரில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். "நீங்க இயற்கையோட இருங்க, நான் ஃபேனோட இருக்கேன்" என்றாள்.

அந்த ஊரில் முப்பது வீடு. ஒன்றில்கூடப் பூட்டு கிடையாது. வெளியே போகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டு, வாசலுக்குக் குறுக்கே விளக்குமாற்றைப் படுக்கப் போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். திருட்டு எண்ணத்தோடு அதைத் தாண்டினால் எல்லையில் இருக்கும் காளி சும்மா விடமாட்டாள். அதே சமயம், திடீரென்று மழை பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் விளக்குமாற்றை நகர்த்திவிட்டு, உங்கள் வாசலில் காயும் சாமையை அள்ளி உள்ளே கொட்டி, மறுபடி விளக்குமாற்றைக் குறுக்கே போட்டுவிட்டுப் போவார். காவலும் அதுதான், உதவிக்கு வழியும் அதுதான்.

நான் மூன்று பூட்டுப் போட்டேன்.

பக்கத்து நிலத்துக்காரி முனியம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள், ஏழு ஆடு. என் பூட்டுகளைப் பார்த்துவிட்டு, "இன்னா சாரு, உள்ள அப்படி இன்னா வெச்சிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"புத்தகம்மா."

"அத்த யாரு சாரு தூக்கினு போவப்போறாங்க?"

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு நாள் என் மண்வெட்டி காணாமல் போயிற்று. நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நான்கு நாள் பார்த்தேன். அதே வாரம் முனியம்மாவின் நிலத்தில் காட்டுப்பன்றி புகுந்து, மரவள்ளிக் கிழங்கை உழுது போட்டுவிட்டுப் போயிற்று. எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. என் மரவள்ளியைச் சுற்றிக் கம்பி கட்டி, வீட்டுக் கரண்டை அதில் விட்டேன். குற்றம் என்று தெரியும். தெரிந்ததால்தான் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் போடுவேன், விடிந்ததும் அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவேன். கம்பியைத் தொட்டுச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. ஆனால் ஒரு மாதமாக ஒரு பன்றியும் வரவில்லை. அறிவியலின் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பன்றிக்கு என்றுதான் கட்டினேன். ஆனால் கம்பியை முறுக்கும்போது என் மனதில் வந்து போனது பன்றியின் முகம் மட்டும் அல்ல.

அந்த ஆடி வெள்ளிக்கு எங்கள் குலதெய்வமான படவேட்டு அம்மனைப் பார்க்கக் கிளம்பினேன். வேண்டுதல் என்னவென்றால், 'தாயே, வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்.' மூன்று பூட்டு, ஒரு நாய், சுற்றிலும் கரண்ட், அதற்கு மேல் அம்மன். முதல் நாள் மாலையே முனியம்மாவிடம், "நாளைக்கு ஆடு ஓட்டிக்கிட்டு வரும்போது நாய்க்குத் தண்ணி வெச்சிடும்மா" என்று சொல்லியிருந்தேன். அவள் வருவதென்றால் என் தோட்டத்து வழியாக, அந்தக் கம்பியை ஒட்டித்தான் வர வேண்டும்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். மலை இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் கண்டக்டர், "சில்லற கீதா சார்?" என்றார். பையில் கையை விட்டேன். சாவிக்கொத்து தட்டுப்பட்டது. தினமும் சுவிட்சை அணைத்த கையோடுதான் சாவியை எடுப்பேன். அன்றைக்குச் சாவியை மட்டும்தான் எடுத்திருந்தேன்.

முனியம்மாவிடம் போன் கிடையாது. டீக்கடை கோவிந்தனைக் கூப்பிட்டேன். நல்ல வேளையாக மணி அடித்தது.

"கோவிந்தா, ஓடிப்போய் என் வீட்டுல சுவிட்ச அணைச்சிடுப்பா."

"மூணு பூட்டுத் தொங்குமே சார். வெளக்குமாறு போட்டுக்கினு போயிருந்தா இந்நேரம் அணைச்சிருப்பேன்."

"உடைச்சிடு!"

"பூட்ட ஒடைக்கிறதா? நானா? அப்பறம் இன்னொரு மம்முட்டி காணோம்னு என் மூஞ்சியப் பாத்துக்கினு ஒக்காந்திருப்பீங்க."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசாமலே, அந்த நான்கு நாள் நான் பார்த்த பார்வை முப்பது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதற்கு வெட்கப்பட அப்போது நேரம் இல்லை.

"கோவிந்தா, தோட்டத்துக் கம்பியில கரண்ட் விட்டிருக்கேன். முனியம்மா வருவா."

"அடப் பாவி மனுசா" என்றார். அவர் ஓடும் சத்தம் கேட்டது. லைன் அறுந்துவிட்டது.

மதியத்துக்குத்தான் மேலே போகிற பஸ். எதிரே பால் கேனோடு வந்த ஒரு பைக்கைக் கண்டக்டர் நிறுத்தி, என்னை ஏற்றிவிட்டார். அம்மனுக்கு வாங்கிய தேங்காயும் பழமும் பஸ்ஸிலேயே போய்விட்டன. இரண்டு கேன்களுக்கு நடுவே தொடையை இடுக்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு நான் அழுதேன். மனப்பாடமாகத் தெரிந்த துதி ஒன்றும் வாயில் வரவில்லை. எத்தனையோ வருடமாக அவளிடம் 'என்னுடையதைக் காப்பாற்று' என்று மட்டுமே கேட்டவன் நான். அன்றைக்குத்தான் முதன்முதலாக வேறு மாதிரி கேட்டேன்.

"அம்மா, வீடு போகட்டும். தோட்டம் போகட்டும். நான் ஜெயிலுக்குப் போனாலும் போகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் தாயைக் கொடுத்துவிடு."

வேறொன்றும் கேட்கவில்லை. பால்காரர் திரும்பியே பார்க்கவில்லை. நல்ல மனிதர்.

மேட்டில் பைக் ஏறியதும் என் தோட்டம் தெரிந்தது. கம்பியின் மேல் ஒரு சிவப்புப் புடவை. பக்கத்தில் ஒரு பாவாடை. இரண்டு சின்னச் சட்டைகள். கம்பியில் மாட்டிக் கிடக்கிறாள் என்றே நினைத்தேன். பைக் நிற்பதற்குள் குதித்து, முழங்காலில் விழுந்தேன்.

"கோயிலுக்குப் போறேன்னீங்களே சாரு, அதுக்குள்ள அம்மா தரிசனம் குடுத்துட்டாளா?"

முனியம்மா! என் நாய்க்குப் பக்கத்தில் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். நாய்க்குத் தண்ணீர் வைத்தவள், மிச்சத் தண்ணீரில் துணியையும் துவைத்து, சொட்டச் சொட்ட என் கம்பியில் காயப் போட்டிருக்கிறாள்.

"நல்லாக் கொடி கட்டிக்கிறீங்க சாரு. எங்க வூட்ல கவுறுதான், அத்தயும் ஆடு இழுத்துரும்."

கம்பியிலிருந்து பத்தடி தள்ளி கோவிந்தன் ஒரு மூங்கில் கழியோடு நின்றார். "வந்ததுலேர்ந்து கத்தறேன் சார், தொடாத தொடாதன்னு. நா காலையிலேர்ந்து தொட்டுக்கினுதான் கீறேன்னு சிரிக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். மண்வெட்டிக்காக நான் அவரைப் பார்த்த அதே பார்வை அல்ல அது. அதைவிட எவ்வளவோ நியாயமான பார்வை. என்னால் அதை எதிர்கொள்ள முடியவில்லை.

அன்று சாயங்காலம் எல்லைக் காளியின் கல்லுக்கு முன்னால் ஊர் கூடியது. எல்லாவற்றையும் சொன்னேன், மண்வெட்டி விஷயம் உட்பட. முனியம்மாவின் கணவர் இரண்டு பிள்ளைகளையும் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பியைப் பிடுங்க வேண்டும், காளிக்குச் சாமைப் பொங்கல் வைக்க வேண்டும் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. போகும்போது யாரோ என் கையில் ஒரு புது விளக்குமாற்றைக் கொடுத்தார்கள்.

கம்பியைப் பிரிக்க ஒடுகத்தூரிலிருந்து ஒரு எலக்ட்ரீசியன் வந்தார். வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இத்த யாரு சார் சேத்தது?"

"நான்தான்."

"இது செத்துப்போன பழைய லைனு சார். என்னிக்குமே இதுல கரண்ட் வந்திருக்காது. நீங்க இன்னா வேல பார்த்தீங்க?"

"வாத்தியார்."

"இன்னா பாடம்?"

"தமிழ்" என்றேன். அம்மா மன்னிக்கட்டும்.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். வெள்ளிக்கிழமை காலை பைக்கில் நான் போட்ட மனுவுக்கு, ஒரு மாதத்துக்கு முன்பே உத்தரவு போட்டு வைத்திருக்கிறாள் அவள். என்னிடம் இருந்த எத்தனையோ குணங்களில் அவளுக்குப் பயன்பட்டது என் கையாலாகாத்தனம் ஒன்றுதான். என் அறிவு மட்டும் சரியாக வேலை செய்திருந்தால் இரண்டு பிள்ளைகள் தாயில்லாமல் நின்றிருக்கும். தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஈரப் புடவை கம்பியில் சொட்டுவதைப் பார்த்தவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

மண்வெட்டியும் கிடைத்தது. மரவள்ளிக்கு நடுவே, நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கோவிந்தனின் கடைக்குப் போய் நின்றேன். அவர் ஒரு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போடவில்லை. மறந்துவிட்டார் என்று நம்புகிறேன்.

இப்போது என் வாசலிலும் விளக்குமாறுதான். ஒன்றும் காணாமல் போகவில்லை. நான் வேலூருக்குப் போயிருந்தபோது மழை வந்ததாம். திரும்பி வந்து பார்த்தால், வெளியே கிடந்த புத்தகங்களை யாரோ உள்ளே எடுத்து அடுக்கியிருந்தார்கள், தலைகீழாக. உங்களில் யாராவது பூட்டின் மேல் பூட்டாகப் போட்டுவிட்டு அதற்கும் மேலே காவலுக்கு அம்மனைக் கூப்பிடுகிறீர்களா? ஒரு பூட்டையாவது கழற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டுப் பாருங்கள். உள்ளே வர வழி இருந்தால்தான் அவளும் வருவாள், பக்கத்து வீட்டுக்காரரும் வருவார்.

தை மாதம் மரவள்ளியைப் பிடுங்கினோம். முனியம்மாதான் முதல் செடியை இழுத்தாள். அடியில் சுண்டுவிரல் கனத்துக்கு நாலு வேர்தான் தொங்கின. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

"எது எப்படியோ, ஒரு மாசம் பன்றி வராம இருந்துச்சே, அதுவும் அம்மன் அருள்தான்" என்றேன் நான்.

முனியம்மா வேரை உதறிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். "அதுக்கு எதுக்கு சாரு அம்மன இழுக்கறீங்க? பன்னிக்கு மூக்கு கீது. உள்ள ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு அது எதுக்கு வரும்?"