ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் நின்றவர்

சத்தியமாக நடந்தது. உப்பும் மிளகும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பேய் மட்டும் அசல்.

அந்த விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். இந்தப் பக்கம் பயணிகள். அந்தப் பக்கம் கடற்படை விமானக் கொட்டகைகள். குறுக்கே கடக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்து ஆள் கை காட்டி அழைக்க வேண்டும். அழைக்காமல் காக்காய்கூடக் கடக்காது.

இந்தப் பக்கம் வந்து நிற்கும் விமானங்களுக்கு இரண்டு மட்டைகளை அசைத்து வழிகாட்டுபவருக்கு மட்டையார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நல்ல மனிதர். மனைவி விஷயத்தில் மட்டும் வயிறு எரியும். அந்த எரிச்சலில் ஊருக்கே சமைக்கலாம். அவள் உள்ளே கவுண்டரில் பயணிகளுக்கு இருக்கை போட்டுக் கொடுப்பவள். அடிக்கடி கண்ணாடி வழியே வெளியே பார்ப்பாள். சிரிப்பாள்.

“யாரைப் பார்த்து இளிக்கிறே?”

“அந்தப் பக்கத்து ஆளைத்தான். கடற்படையில மட்டை பிடிக்கிறாரே... என்னமா கை காட்டுறார்! நீங்களும் இருக்கீங்களே, கொசு அடிக்கிற மாதிரி.”

போதாதா?

அன்று மாலை ஆறு பத்து. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டைக்காரன் நின்றான். கண்ணாடியையே பார்த்தபடி.

விமானம் இல்லாதபோது மட்டையை உயர்த்தக் கூடாது. அது தொழில் சட்டம். மட்டையார் உயர்த்தினார்.

“டேய்!”

அவன் முகம் இவர் பக்கம் திரும்பியது. மட்டைகளை வேகமாக அசைத்தார்.

வாடா. வந்து பார்.

அவன் வந்தான்.

மெதுவாக... நேராக... ஓடுபாதையின் குறுக்கே. அந்த நேரம் பார்த்துக் கடற்படை விமானம் ஒன்று இறங்கியது. ஊஊங்... அவன் மேலேயே ஏறிப் போனது.

புகை விலகியது.

அவன் வந்துகொண்டுதான் இருந்தான்.

மட்டையார் மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்கே வைத்தார். நில்!

நிற்கவில்லை. அவன் பார்வை மறுபடியும் கண்ணாடிக்குப் போயிருந்தது.

டக்... டக்... டக்...

பூட்ஸ் சத்தம் அவரைத் தாண்டியது. எண்ணெய் வாடை. குளிர்.

கண்ணாடிக் கதவு திறந்தது.

மூடியது.

மட்டையார் ஓடினார். அந்த வேகத்தில் இன்னும் பத்தடி ஓடியிருந்தால் மேலே எழும்பியிருப்பார். உள்ளே மனைவி தனியாக இருந்தாள். முகமெல்லாம் பூ.

“வந்தவன் எங்கே?”

“கத்தாதீங்க. எவ்வளவு மரியாதை அவருக்கு! ‘கூப்பிட்டாங்க, வந்தேன்’னார்.”

மறுநாள் கடற்படை மெக்கானிக் ஒருவர் இந்தப் பக்கம் வந்தார். மட்டையார் அவரைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். மெக்கானிக் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

“எங்க பக்கம் மட்டை பிடிச்சவர் புரொப்பெல்லர் அடிச்சுச் செத்து ஆறு வருஷமாச்சு. அப்புறம் அந்த இடத்துல ஆளே போடலை.”

“நேத்து இங்க வந்தான்யா!”

“வந்திருக்க முடியாதே. கூப்பிடாம பாதையைக் கடக்கிற ஆளில்லை அவர்...” சட்டென்று நிறுத்தினார். “அண்ணே... நீங்க கூப்பிட்டீங்களா?”

மட்டையார் மட்டைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“அப்ப நீங்கதான் திருப்பி அனுப்பணும்.”

“எப்படி?”

“சைகை காட்டித்தான். ஆனா அவர் கண்ணு உங்க மேல இருக்கணுமே, அண்ணே.”

மட்டையார் கவுண்டரைப் பார்த்தார். மனைவி பக்கத்திலிருந்த காலி நாற்காலியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுழல் நாற்காலி... மெல்லத் திரும்பியது.

அவருக்கு முதுகைக் காட்டி.