படகின் கியர் பாக்ஸும் லூர்துராணியின் ஷெட்டும்

திருச்சி அரியமங்கலத்தில் எங்கள் தெருவில் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர் லூர்துராணி ஒருவர்தான். மற்றவர்கள் கத்துவோம். அவர் ஷெட்டுக்கு எதிரே பேரிங்கும் ஆயில் சீலும் விற்கிற நானும் கத்துகிற ஜாதிதான்.

அவர் கணவர் செபஸ்தியான் லாரி கியர் பாக்ஸ் வேலை பார்த்தவர். பக்கத்தில் நின்று பல்சக்கரம் கழுவிக் கொடுக்க ஆரம்பித்த லூர்துராணி, பத்து வருஷத்தில் முழுப் பெட்டியையும் தனியாகப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டார். செபஸ்தியான் மாரடைப்பில் போனார். மாதம் முடியவில்லை, அவருடைய தம்பி ஆசீர் வெல்டிங் பட்டறை போட ஷெட்டைக் கேட்டு வந்துவிட்டார். வாடகைப் பத்திரத்தில் ஆசீர் பெயரும் இருந்தது. தெருக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினோம். அண்ணி நடத்தட்டும், ஆனால் செய்து கொடுத்த வேலை ஒன்று திரும்பி வந்தாலும் ஷெட்டைத் தம்பியிடம் விட்டுவிட வேண்டும் என்று முடிவானது. நியாயம்தான் என்று முதலில் சொன்னவன் நான். லூர்துராணி சரியென்று தலையாட்டினார்.

மூன்று வருஷம் ஒன்றும் திரும்பவில்லை. லாரி, டிராக்டர், முசிறிப் பக்கத்துப் பவர் டில்லர் எல்லாம் வந்தன, போயின. நவநீதனின் பெட்டிதான் திரும்பி வந்தது.

நவநீதன் ஓய்வு பெற்ற என்ஜினீயர். வீடு திருச்சியில், ஆசை புதுச்சேரியில். அங்கே ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். அதிலிருந்த சின்ன டீசல் என்ஜினின் கியர் பாக்ஸில் பின்பக்கம் ஆயில் ஒழுகியது. ஒழுகலைத் தடுக்கிற ரப்பர் சீலை அங்கே இரண்டு பேர் மாற்றியும் நிற்காமல், பெட்டியைக் கழற்றிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு லூர்துராணியிடம் வந்தார். லூர்துராணி என் கடைச் சீலைத்தான் போட்டார். இரண்டே மாதத்தில் அதே டிக்கியில் அதே பெட்டி திரும்பி வந்தது.

"லாரி பார்க்கிறவங்ககிட்ட கொடுத்தது என் தப்பும்மா. படகு முழுக்க ஆயில்" என்றார் நவநீதன்.

சேதி எப்படிப் போனதோ, அரை மணி நேரத்தில் ஆசீர் வந்து வாசலில் நின்றார். சுவரை அளப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் லூர்துராணியைத் தனியாகக் கூப்பிட்டு, "சீல் மோசம்னு என் தலையில போட்ருங்க. நான் ஒத்துக்கிறேன்" என்றேன்.

"உங்க சீல் நல்ல சீல், பாய். என் வேலையும் நல்ல வேலை. யாரும் எனக்காகப் பொய் சொல்ல வேணாம்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. நான் நகர்ந்துகொண்டேன்.

பெட்டியைப் பிரித்துச் சீலை எடுத்தார். கிழியவில்லை. ரப்பர் விளிம்பு பொரித்த அப்பளம் மாதிரி விறைத்து, விரலால் அழுத்தியதும் உடைந்தது.

"சார், கடலுக்குப் போனா என்ஜின் எவ்வளவு நேரம் ஓடும்?"

"வெளிய வர்ற வரைக்கும் பத்து நிமிஷம். பாய் விரிச்சதும் நிறுத்திடுவேன். அப்புறம் நாள் முழுக்கக் காத்துதான்."

"அப்ப கியர்?"

"நியூட்ரல்."

"கீழ படகைத் தள்ளுற ஃபேன்?"

"தண்ணி வேகத்துல அதுபாட்டுக்குச் சுத்தும். சத்தம்கூடக் கேக்கும்."

லூர்துராணி அன்று முதல் தடவையாகச் சிரித்தார். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று மலை இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டி வருகிற டிரைவர்களைச் செபஸ்தியான் காலத்திலிருந்தே அவர் பார்த்திருக்கிறார். என்ஜின் நின்றால் ஆயிலை வாரி இறைக்கிற பல்சக்கரமும் நிற்கும். லாரிச் சக்கரமோ படகு ஃபேனோ இழுக்க, பின் ஷாஃப்ட் மட்டும் ஆயிலில்லாமல் காய்ந்துபோய்ச் சுற்றிச் சீலைச் சூடாக்கும். கடலையே பார்க்காத அம்மாள் படகின் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

நவநீதன் நம்பவில்லை. புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்றார். லூர்துராணி புதுச் சீல் போட்டு ஆயில் ஊற்றி, பெட்டியை மேஜையில் போல்ட் போட்டு முடுக்கி, கிரைண்டர் மோட்டாரிலிருந்து பின் ஷாஃப்ட்டுக்கு மட்டும் பெல்ட் கட்டி ஓடவிட்டார். என்ஜின் நின்றதுபோல் முன்பக்கம் அசையவில்லை. காலை பத்து மணிக்கு ஓடத் தொடங்கியது. மூன்று மணிக்கு நவநீதன் சீல் இருந்த இடத்தில் கையை வைத்து, வெடுக்கென்று எடுத்தார். சற்று நேரத்தில் அந்த இடத்திலிருந்து ஆயில் சொட்டியது.

"பாய் விரிச்சு என்ஜினை நிறுத்துனதும் ரிவர்ஸ் கியர் போட்டு விடுங்க சார். நின்ன என்ஜின் பிடிச்சுக்கும், ஷாஃப்ட் சுத்தாது. ஒழுகாது" என்ற லூர்துராணி, வாசலிலிருந்து நகராத ஆசீரைக் காட்டினார். "இப்ப தப்பு யாரோடதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க. சொன்னாத்தான் பூட்டுவேன்."

பெரிய மனிதர் கொஞ்சம் தவித்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். கடைசியில், "வேலைல குறை இல்ல. நான் ஓட்டுனதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டார்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். ஆசீர் விடவில்லை.

"இருந்தாலும் அண்ணி, பெட்டி திரும்பி வந்துச்சுல்ல? பேசுனது பேசுனதுதானே?"

இதற்கும் அவர் ஏதாவது நிரூபிப்பார் என்று பார்த்தேன். லூர்துராணி ஸ்பேனரை மேஜையில் வைத்தார்.

"அந்தப் பேச்சுக்கு நான் தலையாட்டுனதே தப்பு, தம்பி. இனிமே எனக்கு அந்தப் பேச்சு கிடையாது. இது என் தப்பாவே இருந்து, நாளைக்குப் பத்துப் பெட்டி திரும்பி வந்தாலும் பிரிச்சுப் பாத்துத் திருப்பிப் பூட்டுவேன். உங்க அண்ணனுக்கு எத்தனை திரும்பி வந்துச்சு? ஒரு தடவையாவது அவர்கிட்ட ஷெட்டைக் கேட்டீங்களா?"

ஆசீர் என் முகத்தைப் பார்த்தார். நான் தன் பக்கம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். செபஸ்தியான் நல்ல மெக்கானிக்தான். ஆனாலும் வருஷத்துக்கு நாலைந்து வேலை திரும்பி வரும். சிரித்துக்கொண்டே என்னிடம் மறுபடி சீல் வாங்கிப் போவார். அதை யாரும் ஒரு குறையாக எண்ணியதே இல்லை, நானும்தான்.

வெட்கமாக இருந்தது. "அவர்கிட்ட யாரும் ஷெட்டைக் கேக்கல" என்றேன்.